போகிற டீச்சர்

பிரிவு உபசார விழாவுக்கு அழைப்பு வந்தால் இப்போதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன். யார் மீதும் கோபம் இல்லை. மாறுதல் ஆணை வாங்கிய ஆசிரியருக்குச் சால்வை போர்த்துவார்கள். தலைமையாசிரியர் "இது எங்கள் பள்ளிக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்பார். ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் நான்கைந்து பேர் தேம்பி அழுவார்கள். போகிறவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு "உடல்தான் அங்கே போகிறது, மனம் இங்கேயே இருக்கும்" என்று பேசுவார். பிறகு கேசரி, மிக்சர், குழுப்படம். மறுநாள் மூன்றாவது பாடவேளையில் அந்த வகுப்புக்கு யார் போவது என்று ஒருவருக்கும் தெரியாது. பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்பதும் தெரியாது. மனத்தையே விட்டுச் சென்றவர் அந்த விவரத்தையும் ஒரு தாளில் எழுதி விட்டுச் சென்றிருக்கலாம்.

இராமநாதபுரம் கடற்கரையில் படித்து வளர்ந்த எவருக்கும் இந்த விழா நன்றாகப் பழகியிருக்கும். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று மேலதிகாரி மிரட்டினால் அந்தக் காடு பெரும்பாலும் எங்கள் மாவட்டம்தான். அந்தக் காட்டில்தான் நாங்கள் குளித்து, தலைவாரி, பூ வைத்துக்கொண்டு தினமும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம். முதல் நியமனத்தில் வெளிமாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் பாம்பன் பாலத்தை பஸ்ஸில் கடக்கும்போது ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்து வியப்பார்கள். சில மாதம் போனால் அதே பாலத்தைப் பார்த்து, சொந்த ஊருக்குப் போய்வர எத்தனை மணி நேரம் ஆகிறது என்று அலுத்துக்கொள்வார்கள். பொது மாறுதல் கலந்தாய்வு எப்போது, எந்த மாவட்டத்தில் எத்தனை காலியிடம், யாருக்கு முன்னுரிமை என்று பேச்சு அதையே சுற்றிக்கொண்டிருக்கும். ஆசிரியர் அறைக்கு வெளியே சாக்பீஸ் வாங்க நிற்கிற பிள்ளைக்கும் காது உண்டு என்பது எப்படியோ அவர்களுக்கு மறந்துவிடுகிறது.

ஏழாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர் பின்னத்தோடு போய்விட்டார். அடுத்து வந்தவர் இயற்கணிதத்தில் தொடங்கினார். நடுவில் இருந்த விகிதமும் சதவீதமும் எங்களுக்கு மீன் ஏலக்கடையில்தான் பாடமாயின. தரகர் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்று அப்பா வீட்டில் வந்து புலம்பும்போது கற்றுக்கொண்டேன். 2024-இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் எங்கள் மாவட்டம் மாநிலத்தில் மூன்றாம் இடம் வந்தபோது எல்லோரையும் போல நானும் பெருமைப்பட்டேன். கூடவே, இதில் எத்தனை பிள்ளைகள் நடத்தாமல் விட்ட பாடத்தைத் தாங்களே தேடிப் பிடித்தவர்கள் என்ற யோசனையும் வந்தது. அதற்குத் தனியாக மதிப்பெண் போடுகிறவர் யாரும் இல்லை.

ஆசிரியர் ஓரிடத்திலேயே கிடக்க வேண்டும் என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. எப்படிச் சொல்ல முடியும்? நானே போகிற டீச்சராக இருந்திருக்கிறேன், அதுவும் கடல் தாண்டி, வேறொரு நாட்டில். எந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறேனோ, கிட்டத்தட்ட அதே பிள்ளைகளை அங்கேயும் பார்த்தேன். மொழி மட்டும்தான் வேறு.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம்

நான் தங்கச்சிமடத்துக்காரி. அப்பாவுக்கு நாட்டுப்படகு, அம்மாவுக்கு மல்லிகைப் பதியன் வேலை. எங்கள் ஊர்ப் பதியன் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்கும் லாரி ஏறிப் போகிறது. பூ எங்கோ பூக்கிறது. இயற்பியல் பட்டமும் பி.எட். பட்டமும் வாங்கிவிட்டுத் தனியார் பள்ளிச் சம்பளத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோது மாலத்தீவில் ஆசிரியர் தேவை என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. எங்கள் பகுதியில் வெளிநாடு என்றால் கீழக்கரைக்காரர்களைப் போல வளைகுடாவுக்குப் போவது, அல்லது சிங்கப்பூர், மலேசியா. "மாலத்தீவா? அங்கே என்ன இருக்கிறது, நம்மைப் போல மீன்தானே?" என்று சித்தப்பா கேட்டார். சான்றிதழ்களுக்குச் சான்றொப்பம் வாங்க அலைந்த கதையைச் சொன்னால் கட்டுரை அதோடு முடிந்துவிடும், விட்டுவிடுகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் தலைநகர் மாலே. விமான நிலையத்தின் வாசலுக்கு வந்தால் ஆட்டோ ஸ்டாண்டு இருக்க வேண்டிய இடத்தில் படகுத்துறை. அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் வடக்கே ஹனிமாதூ, பிறகு மறுபடியும் படகு. நான் வேலை பார்த்த தீவின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு முனையில் கிளம்பி மறுமுனைக்கு நடந்துபோய்த் திரும்பி வந்தாலும் குடித்த டீயின் சூடு நாக்கில் இருக்கும், அவ்வளவுதான் ஊர்.

அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளி மணி அடிக்கும். வேர்க்காடு சந்தியாகப்பர் கோயில் மணிக்குப் பழகிய காதுக்கு இதை ஏற்றுக்கொள்ளச் சில காலம் பிடித்தது. அந்த நாட்டின் குடிமக்கள் எல்லோரும் இஸ்லாமியர்கள். பிற சமய வழிபாட்டைப் பொதுவில் நடத்த அனுமதி இல்லை. கோயில் கிடையாது, பூசை கிடையாது. அறைக்குள் நானே செபம் சொல்லிக்கொண்டு சேலையைச் செருகிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிடுவேன். யாரும் என்னைத் தொந்தரவு செய்ததில்லை. விடியற்காலையில் பெண்கள் ஈர்க்குமாறால் மணல் தெருவைப் பெருக்கிக்கொண்டிருப்பார்கள். மாலையில் கடற்கரையோரம் கம்பிச் சட்டத்தில் கயிறு பின்னிய 'ஜோலி' நாற்காலிகளில் ஊரே உட்கார்ந்திருக்கும். யார் வீட்டு வாசலைக் கடந்தாலும் "மிஸ், சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்பார்கள், சாப்பிடவில்லை என்று சொன்னால் விடமாட்டார்கள். காலையில் சூரை மீனை உதிர்த்துத் தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு போட்டுப் பிசைந்த மாஸ் ஹுனி, தொட்டுக்கொள்ள ரொட்டி. பகலில் அதே சூரை தெளிந்த சாறாக வரும். எங்கள் ஊரில் சூரைக்கு இவ்வளவு மரியாதை கிடையாது. அவர்கள் அதை வலை போட்டு அள்ளுவதில்லை. உயிருள்ள சிறுமீனைக் கடலில் வீசி, கூடி வருகிற சூரையைக் கழியும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். தொலைபேசியில் இதைச் சொன்னபோது அப்பா நெடுநேரம் விவரம் கேட்டார். விசைப்படகுகளின் இழுவை மடி வலையோடு ஆயுள் முழுக்கச் சண்டை போட்ட நாட்டுப்படகுக்காரர் அவர். மகள் நலமா என்று கேட்க மறந்துபோனார்.

காய்கறிப் படகு தாமதமானால் பல நாள் வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான். சம்பளம் ருஃபியாவில் வரும், ஊருக்கு அனுப்ப டாலர் வேண்டும், டாலருக்கு வரம்பு. அதற்காகப் பக்கத்துப் பெரிய தீவான குளுதுஃபுஷிக்குப் படகில் போக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்றில் அப்படிப் போன ஒரு நாள், மீனவன் மகள் என்று பள்ளி முழுக்கச் சொல்லிவைத்திருந்த நான், படகின் பக்கவாட்டில் தலையைத் தொங்கவிட்டு வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்தேன். பாசி எடுக்கப் போகிற பெண்கள் எங்கள் கடலைத் தெரிந்தவர்கள். நானோ பதியன் வேலைக்காரியின் மகளும்தான், கரையில் வளர்ந்தவள். படகோட்டி இதை ஊரில் போய்ச் சொல்ல, மறுநாள் ஆறாம் வகுப்புப் பையன்கள் படகு ஆடுவதுபோல நடந்துகொண்டே என்னைக் கடந்து போனார்கள். சக ஆசிரியர்களில் கேரளத்துக்காரர்கள் அதிகம். இராமேஸ்வரம் பக்கம் என்று சொன்னதும் "கலாம் சாரின் ஊரா!" என்பார்கள். அதன்பிறகு நான் என்ன நடத்தினாலும் ராக்கெட் அளவுக்கு எதிர்பார்த்தார்கள்.

கிணற்றுப் பாடம்

அடர்த்தி என்ற பாடத்தை அங்கே நடத்தியதைப் போல வேறெங்கும் நான் நடத்தியதில்லை. பாடப்புத்தகத்தில் எண்ணெயும் தண்ணீரும் வரைந்திருந்தது. எனக்கோ எங்கள் ஊர் வில்லூண்டித் தீர்த்தம் நினைவுக்கு வந்தது. தங்கச்சிமடம் கடலுக்குள் இருக்கிற கிணறு அது. சுற்றிலும் உப்பு, உள்ளே குடிக்கிற தண்ணீர். தனுஷ்கோடியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி, ஊறிவரும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். இராமர் வில்லை ஊன்றிச் சீதையின் தாகம் தீர்த்த கதையை வகுப்பில் சொல்லவில்லை; பிற சமயக் கதைகளை வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டாம் என்று முதல் வாரமே சொல்லியிருந்தார்கள். கிணற்றை மட்டும் சொன்னேன். "எங்கள் வீட்டுக் கிணறும் அப்படித்தான் மிஸ்" என்று பாதி வகுப்பு எழுந்து நின்றது.

அவர்களுடைய தீவு மொத்தமும் அப்படித்தான் நிற்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு அடர்த்தி கூடியது. அந்தச் சிறிய வித்தியாசத்தால்தான் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்க முடியும் என்று கணக்கு வருகிறது. கரும்பலகையில் கணக்கைப் போட்டேன். ஆழ மோட்டார் வைத்து மேலே இருப்பதை உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலேறும். 2004 சுனாமியில் கடல் தீவுகளின் மேலேயே ஏறிப் புரண்டதால் பல தீவுகளின் கிணறுகள் உப்பாகிப்போயின. அந்த வகுப்பில் இருந்தவர்கள் அதற்குப் பின் பிறந்தவர்கள், ஆனால் எல்லோர் வீட்டிலும் மழைநீர்த் தொட்டி இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டதையும், சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையை வெட்டியெடுத்த காலம் ஒன்று எங்களுக்கு இருந்ததையும் சொன்னேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "எங்கள் தீவும் மூழ்கிவிடும் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறார்கள் மிஸ். பத்தாம் வகுப்பு ஓ லெவல் தேர்வுக்கு முன்பா, பின்பா?" உலகமே தங்களைப் பார்த்துப் பரிதாபப்படுவது அவர்களுக்கு அலுத்துப்போயிருந்தது.

அந்தப் பிள்ளைகளிடம் எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. திவேகி மொழியும் இஸ்லாமும் உள்ளூர் ஆசிரியர்கள் எடுப்பார்கள். கணக்கு, அறிவியல், ஆங்கிலம் எல்லாம் பெரும்பாலும் எங்களைப் போல வந்துபோகிறவர்கள். திவேகியை வலமிருந்து இடமாக எழுத வேண்டும் என்பதால் சில பிள்ளைகள் ஒரே நோட்டைப் பின்னாலிருந்து திவேகிக்கும் முன்னாலிருந்து கணக்குக்கும் வைத்துக்கொள்வார்கள். இரண்டும் நடுவில் எங்காவது முட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய வித்தை அவர்கள் வாயில் இருந்தது. மலையாள ஆசிரியர் கேள்வி கேட்டால் மலையாள ஆங்கிலத்தில் பதில். இலங்கை ஆசிரியர் வந்தால் அந்த ஓசை. என்னிடம் பேசும்போது என்னைப் போலவே சொல்லின் கடைசியில் ஒரு உகரம் சேர்த்துச் சொல்வார்கள். முதலில் கேலி என்று நினைத்துக் கோபப்பட்டேன். கேலி இல்லை. யாருக்கு எப்படிச் சொன்னால் புரியும் என்று பார்த்துச் சொல்கிறார்கள். வருகிற ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஏற்பத் தங்களை மாற்றி வைத்துக்கொள்கிற வேலையைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள். ஆசிரியர் மாணவருக்கு ஏற்ப மாற வேண்டும் என்று பி.எட். படிப்பில் பக்கம் பக்கமாகப் படித்தவள் நான்.

கேப்டனின் நோட்டு

ஒன்பதாம் வகுப்பின் கேப்டன் ஒரு பெண். மெலிந்த உருவம், கண்ணாடி, அதிகம் சிரிக்காதவள். நான் பொறுப்பேற்ற முதல் வாரத்தில், வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் ஒரு நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். "புது டீச்சருக்கு" என்றாள். வாழ்த்து அட்டை மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்து நன்றி சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன். இரவு அறையில் திறந்து பார்த்தால், நுணுக்கமான ஆங்கில எழுத்தில், இயற்பியலில் ஒவ்வொரு பாடமும் எதுவரை நடந்திருக்கிறது என்று பட்டியல். 'விசை: முடிந்தது, ஆனால் உராய்வு நடத்தவில்லை.' 'வெப்பம்: இரண்டு முறை நடந்தது, இரண்டு ஆசிரியர்கள், இரண்டும் பாதி.' 'ஒளி: குறிப்பு எழுதிப்போட்டார்கள், விளக்கவில்லை, தேர்வில் எல்லோரும் தவறு.' அதற்குக் கீழே வகுப்பைப் பற்றிய விவரங்கள். இன்னாருக்கு இடது காது சரியாகக் கேட்காது, முன் வரிசையில் உட்காரவைக்கவும். இன்னாரிடம் அவனுடைய அப்பாவைப் பற்றிக் கேட்க வேண்டாம். இன்னார் சந்தேகம் கேட்கமாட்டாள், புரியாவிட்டால் பேனா மூடியைக் கடிப்பாள்.

பதினான்கு வயதுப் பெண் எழுதியது அது. ஆய்வாளர்கள் பார்வைக்காக நாங்கள் எழுதி வைக்கிற பாடக்குறிப்பேடுகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். நோக்கம், கற்பித்தல் துணைக்கருவி, மதிப்பீடு என்று கட்டம் கட்டி, சிவப்பு மையில் அடிக்கோடு இட்டு அழகாக இருக்கும். அவற்றில் எந்தப் பாடமும் விட்டுப்போயிருக்காது. எல்லாப் பிள்ளைக்கும் எல்லாம் புரிந்திருக்கும். இந்த நோட்டில்தான் முதன்முறையாக 'நடத்தவில்லை' என்ற சொல்லைப் பார்த்தேன்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, இதை யார் எழுதச் சொன்னார்கள் என்று கேட்டேன். "யாரும் சொல்லவில்லை மிஸ். முன்பெல்லாம் புது டீச்சர் வந்தால் எதுவரை நடந்தது என்று கேட்பார்கள். ஆளுக்கொன்று சொல்வோம். அவர் நம்பாமல் முதலிலிருந்து தொடங்குவார். அவரும் பாதியில் போய்விடுவார். இது இருந்தால் நேரம் மிச்சம்." குரலில் குறையோ வருத்தமோ இல்லை. மழை வரும், தொட்டியின் குழாயைச் சரி செய்து வைக்க வேண்டும் என்று சொல்வதைப் போலச் சொன்னாள். நான்தான் ஏதோ சொல்ல வேண்டும் என்று, "நான் அப்படிச் சீக்கிரம் போய்விடமாட்டேன்" என்றேன். தலையை ஆட்டினாள். மரியாதைக்கு ஆட்டியது என்று எனக்கே தெரிந்தது.

சில மாதம் கழித்து, அதே நோட்டை ஏதோ ஒரு விவரத்துக்காக வாங்கிப் பார்த்தபோது பின்பக்கத்தில் இன்னொரு பட்டியலைக் கண்டேன். அதில் ஆசிரியர்கள் இருந்தார்கள். பெயர், நாடு, வந்த மாதம், போன மாதம், ஒருவரி. 'கோபப்படுவார், ஆனால் நன்றாகப் படம் வரைவார்.' 'நல்லவர், அழுதுகொண்டே இருப்பார், வீட்டு நினைவு.' 'புத்தகத்தில் இருப்பதைத்தான் சொல்வார்.' கடைசியில் என் பெயர். 'வேகமாகப் பேசுவார். கிணறு, மீன், கடல் வைத்துச் சொல்லுவார், புரிகிறது. மாலையில் கூடுதல் வகுப்பு எடுக்கிறார். அடுத்தவரும் எடுப்பாரா என்று கேட்க வேண்டும்.' போன மாதம் என்ற கட்டத்தில் மாதம் இல்லை. பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

அந்தக் கேள்விக்குறியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். முதலில் கொஞ்சம் வலித்தது உண்மைதான். பிறகு அது நியாயமான கட்டம் என்றே பட்டது. நான் போவேன் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பேசாமல் நாடகம் ஆடிக்கொண்டிருந்தவள் நான்; அவளோ அதைக் கட்டம் போட்டுக் கணக்கில் எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். பிள்ளைகளுக்குப் பிரிவு வலிக்கும், உறவு அறுந்துவிடும் என்றெல்லாம் பெரியவர்கள் மேடையில் பேசுகிறோம். வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவர்களுக்கு உடனடியாக வேண்டியது உராய்வுப் பாடம். எங்கள் தங்கச்சிமடம் வகுப்பில் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் எனக்குச் சதவீதம் கிடைத்திருக்கும். அதைவிட, அந்த வேலையை ஒரு பிள்ளை செய்ய வேண்டியிருக்கிறதே என்பதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போகிறவர்கள் நாங்கள் மட்டுமில்லை. பத்தாம் வகுப்பு முடித்தால் மேற்படிப்புக்குக் குளுதுஃபுஷியோ மாலேயோ போக வேண்டும். அந்த நாட்டு மக்களில் ஐந்தில் இரண்டு பங்கு மாலே பகுதியில்தான் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறார்கள். பிள்ளையின் படிப்புக்காகத் தீவில் சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு அங்கே ஒற்றை அறைக்கு வாடகை கொடுக்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். கேப்டனும் போகிறவள்தான். அதனால் பத்தாம் வகுப்பின் கடைசிப் பருவத்தில் அவள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பக்கத்தில் உட்காரவைத்து நோட்டு எழுதப் பழக்கினாள். அவன் எழுத்துப்பிழைகளை அடித்துத் திருத்தினாள். 'நல்லவர்' என்று மட்டும் எழுதினால் அடுத்தவருக்கு எந்தப் பயனும் இல்லை, எதில் நல்லவர் என்று எழுது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கச் சொன்னார்கள். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்து பதியன் வேலைக்குக் குனிய முடியாமல் போயிருந்தது, கிளம்பிவிட்டேன். விழா நடந்தது. போடுபெரு மேளம் அடித்தார்கள், ஊர்ப் பெண்கள் மாசிக் கருவாடும் தேங்காய்ப் பலகாரமும் கட்டிக் கொடுத்தார்கள், எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அதற்கு முந்தைய வாரம் முழுக்க அந்தப் பையனின் நோட்டில் என் பங்கை நானே எழுதினேன். எனக்குப் பின் வந்தவர் இலங்கையின் மட்டக்களப்பைச் சேர்ந்த தமிழ் ஆசிரியை. வந்த சில நாளில் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "ஒரு பிள்ளையிடம் அப்பாவைப் பற்றிக் கேட்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறதே, என்ன விஷயம் டீச்சர்?" சொன்னேன். பாடத்தைப் பற்றி அவருக்குக் கேட்க எதுவும் இருக்கவில்லை.

ஊரில்

இதை எங்கள் பக்கத்து ஆசிரியத் தோழி ஒருத்தியிடம் சொன்னபோது அவள் சீறினாள். பரமக்குடியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து போகிறவள், மாறுதலுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவள். "நாங்கள் என்னவோ ஓடிப்போகிறவர்கள் மாதிரி பேசுகிறாய். என் பிள்ளை விழிக்கும் முன் வீட்டை விட்டுக் கிளம்புகிறேன், அவன் தூங்கப் போகும் நேரத்தில் வந்து சேர்கிறேன். ஊரார் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று எழுதி வைக்கிற எனக்கு என் பிள்ளையின் காய்ச்சல் தொலைபேசியில்தான் தெரிகிறது" என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க எனக்கு வாய் இல்லை. ஆசிரியரை ஊரில் பிடித்து வைக்க வேண்டுமானால் குடியிருக்க வீடும், தண்ணீரும், அவர் பிள்ளைக்கு நல்ல பள்ளியும் இருக்க வேண்டும். காவிரி கூட்டுக் குடிநீர் வந்தும் குழாயடியில் குடம் வரிசையாக நிற்கிற ஊரில், தியாகத்தைப் பற்றி மேடையில் பேசுவது சுலபம். போகட்டும், தாராளமாகப் போகட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். எழுதி வைத்துவிட்டுப் போகட்டும் என்பது மட்டும்தான் என் கட்சி.

இப்போது நான் எங்கள் பகுதியில் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. பெற்றோர் ஆசிரியர் கழகம் தருகிற சம்பளம். அடுத்த ஆண்டு இருப்பேனா என்பது எனக்கும் தெரியாது. வகுப்புக்கொரு நோட்டு வைக்கலாம், விட்டுப்போன பாடத்தை உள்ளபடி எழுதலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் சொன்னேன். அறை அமைதியானது. மூத்த ஆசிரியர் ஒருவர்தான் மெல்ல வாயைத் திறந்தார்: "நடத்தவில்லை என்று நம் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தால் நாளை ஆய்வுக்கு வருகிறவர் அதை வைத்து விளக்கம் கேட்கமாட்டாரா?" கேட்பார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. எழுதுகிற எதையும் மேலே இருப்பவர் பார்ப்பார் என்றே பழகிப்போய், பக்கத்தில் வரப்போகிறவருக்கு எழுதுவது என்றால் கை தயங்குகிறது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு தலைமையாசிரியர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். நோட்டில் பள்ளியின் பெயரோ முத்திரையோ எழுதுகிறவர் பெயரோ இருக்கக் கூடாது. பீரோவில் வைக்கக் கூடாது. வகுப்புத் தலைவரிடம் இருக்கட்டும். அதாவது அது பள்ளியின் ஆவணமே இல்லை. எனக்கு அது போதும் என்று ஒப்புக்கொண்டேன்.

பெரும்பாலான நோட்டுகள் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கின்றன. எட்டாம் வகுப்பு நோட்டில் மட்டும், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து கணக்கு எடுத்த இளம் ஆசிரியை, மாறுதல் கிடைத்ததும் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லை. தமிழையா அந்தப் பாடவேளையைப் பார்த்துக்கொள்கிறார், வகுப்புத் தலைவி நோட்டைத் திறந்து அவருக்குப் படித்துக் காட்டுகிறாள். அதன் முதல் வரி: 'வடிவியல் தொடவே இல்லை, நேரமில்லை. கடைசி பெஞ்சில் இருக்கும் இருவருக்கும் ஏழாம் வாய்ப்பாடு தெரியாது. சேர்ந்து சொல்லும்போது உதட்டை மட்டும் அசைப்பார்கள், தனித்தனியாகக் கேட்கவும்.'